விழப்போகிற பல்தானே!

“விழப்போகிற பல்தானே!” எங்கள் வீட்டில் இதை எத்தனை முறை சொல்லியிருப்போமோ, கணக்கில்லை. அந்த வார்த்தைக்கு விலை கொடுத்தவன் என் நான்கு வயதுத் தம்பி.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறது. அம்மா வேலை முடிந்து ரயிலில் வந்து சேர இரவு எட்டு மணியாகிவிடும். ஆகவே தம்பியைத் தூங்க வைப்பது என் பொறுப்பு. பாலில் இரண்டு கரண்டி சர்க்கரை கலந்து புட்டியை வாயில் வைத்தால் போதும், ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிடுவான். நானும் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிடுவேன். மூன்று வயது முடிந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை.

முதலில் மேல் வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு போல் வெள்ளைக் கோடு தெரிந்தது. பிறகு அது பழுப்பாகி, கறுத்தது. “விழப்போகிற பல்தானே! ஆறு வயசில முத்து முத்தா முளைக்கும்” என்றார் பாட்டி. எல்லோரும் நம்பினோம்.

கடந்த கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், ஓர் இரவு தம்பி கன்னம் வீங்கி விடிய விடிய அழுதான். பங்குக் கோயில் நாடகத்தில் அவனுக்குச் சம்மனசு வேடம். “நான் சிரிக்க மாட்டேங்க்கா, பல்லு அசிங்கமா இருக்கு” என்று கையால் வாயை மூடிக்கொண்டான். என் நெஞ்சில் முள் தைத்தது.

மறுநாள் காலை அப்பா எங்களை மின்சார ரயிலில் அழைத்துச் சென்றார். கோட்டை நிலையத்தில் இறங்கி, 1953-ல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். “ராத்திரி புட்டிப்பால் உண்டா?” என்று டாக்டரம்மா கேட்டதும் நான் தலை குனிந்தேன். அவர் கோபிக்கவில்லை. தூங்கும்போது உமிழ்நீர் குறைவாகச் சுரக்கும். பல்லில் தங்கும் இனிப்பைக் கிருமிகள் அமிலமாக மாற்றிப் பல்லை அரிக்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும் என்று விளக்கினார். தம்பியின் வாயிலும் அப்படியே இருந்தது.

பால் பற்கள் மொத்தம் 20. ஆறாம் மாத அளவில் முளைக்கத் தொடங்கி மூன்று வயதுக்குள் நிறைந்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. நாம் ரயிலில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதில்லையா? அதுபோல் அவை நிரந்தரப் பற்களுக்கு இடம் பிடித்து வைக்கின்றன. அவற்றை முன்னதாகவே இழந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். புதுப் பல் கோணலாக முளைக்கும்.

தம்பிக்கு ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க நேர்ந்தது. அந்த இடம் மூடிவிடாதிருக்கக் கம்பி வளையம் ஒன்று பொருத்தினார்கள். மற்றொன்றுக்கு எவர்சில்வர் உறை போட்டுக் காப்பாற்றினார்கள். நாடகத்தன்று எங்கள் சம்மனசு உதட்டை இறுக மூடிக்கொண்டே நின்றது.

தங்கை தம்பியுள்ள தோழியரே, ஒரு வயதானதும் புட்டியை நிறுத்தி டம்ளருக்குப் பழக்குங்கள். காலையும் இரவும் பல் துலக்கிவிடுங்கள். மூன்று வயதுக்குப் பின் பட்டாணி அளவு பற்பசை போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர் கைதான் துலக்க வேண்டும். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால் பல் என்று ஏமாந்துவிடாதீர்கள்!

பிப்ரவரி 9 புனித அப்பொலோனியாவின் திருநாள். 249-ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவில் விசுவாசத்திற்காகப் பற்கள் உடைக்கப்பட்டு உயிர்நீத்த அவர், பல்வலியால் துன்புறுவோரின் பாதுகாவலி. அன்றிரவு தம்பிக்காக மன்றாடினேன். மன்றாடி முடித்ததும் பிரஷை எடுத்தேன். “அக்கா, ஆ!” என்று வாயைத் திறந்தான்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் சம்மனசு சிரிக்கும்.

– ஒன்பதாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு