மைக் செட்டில் ஏறாத ராஜா

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், சின்னமனூர் வருவதற்குள் நாலு இளையராஜா பாட்டாவது காதில் விழுந்துவிடும். டிரைவருக்குப் பிடிக்கும், கண்டக்டருக்குப் பிடிக்கும், ஜன்னலோரம் தூங்குகிறவருக்கும் ஆட்சேபணை இல்லை. உத்தமபாளையத்திலிருந்து கோம்பை வழியாகப் போனால் வருகிற ஊர்தான் பண்ணைப்புரம். அதனால் இந்தப் பள்ளத்தாக்கில் அவர் 'இசைஞானி' ஆவதற்கு முன்பே 'நம்ம ஊர்க்காரர்'. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீரபாண்டி சித்திரைத் திருவிழா என எதற்கு மைக் செட் கட்டினாலும் முதலில் கொஞ்ச நேரம் சாமி பாட்டு, மிச்ச நேரம் முழுக்க ராஜா.

ஆனால் அந்த மைக் செட்டில் ஒருநாளும் ஏறாத ராஜா ஒருவர் இருக்கிறார்.

1986-ல் 'ஹவ் டு நேம் இட்' என்று ஓர் ஆல்பம் வந்தது. 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' எல்லாம் வந்த அதே வருஷம். இதில் பாட்டு கிடையாது, பாடகர் கிடையாது, ஹீரோவும் கிடையாது. பத்து இசைத் துண்டுகள். பெரும்பகுதி வயலின், வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். ஆல்பத்தை தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்துச் சமர்ப்பித்திருந்தார். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டில் பாக்கின் வயலின் இசையை அப்படியே ஓடவிட்டு, தன் பங்கை அதோடு சேர்த்து நெய்திருப்பார். பாக் தன் வீட்டுக்கே வந்துவிட்டாராம்! அடுத்த துண்டின் பெயர் 'அண்ட் வி ஹேட் எ டாக்'. வந்தவரோடு உட்கார்ந்து பேசியும் விட்டார். 1988-ல் 'நத்திங் பட் விண்ட்'. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் 50 பேர் ஆர்க்கெஸ்ட்ராவும்.

சின்னமனூர் பக்கம் முப்பது வருஷமாக மைக் செட் வைத்திருக்கும் ஒருவருக்கும், மதுரையில் இன்ஜினீயரிங் படிக்கும் அவருடைய அக்கா மகனுக்கும் இந்த ஆல்பங்கள் விஷயத்தில் ஓயாத சண்டை. ராஜாவின் உச்சம் இதுதான் என்பது மருமகன் கட்சி. மாமாவுக்கு அது ஒப்பவில்லை.

"நல்லா இருக்கு மாப்ள, இல்லேங்கல. ஆனா இதை எந்த விசேஷத்துல போடுறது? பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறுறப்பவா, பந்தி போடுறப்பவா?"

"பாட்டுன்னா விசேஷத்துக்கு மட்டுந்தானா மாமா? ராத்திரி ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்க."

"தனியா உக்காந்து கேக்குறதுக்கா அந்த மனுசன் இத்தன பாட்டுப் போட்டாரு?"

மாமாவின் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இந்தப் பக்கம் இசை என்பது தெருவுக்கே பொது. கேசட் காலத்தில் வீட்டுக்கு ஒரே ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அதில் எது ஓட வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். அந்த ஓட்டெடுப்பில் சொல்லே இல்லாத வயலின் எப்படி ஜெயிக்கும்? இன்று ஆளுக்கொரு செல்போன். யாரிடமும் அனுமதி கேட்காமல் கேட்கலாம். மருமகன் வயதுப் பிள்ளைகள் இந்த ஆல்பங்களைத் தேடிப் பிடிப்பதற்குப் பெரிய காரணம் ரசனை வளர்ந்ததல்ல, ஹெட்போன் வந்ததுதான் என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கேட்டதே இல்லை என்று நினைக்கும் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். பாலு மகேந்திராவின் 'வீடு' படம் ஞாபகம் இருக்கிறதா? அர்ச்சனா செங்கல் செங்கலாகக் கட்டும் வீடு, சொக்கலிங்க பாகவதர் அதைப் பார்க்க வரும் காட்சி. பாட்டே இல்லாத அந்தப் படத்துக்குப் பின்னணியில் ஓடியது 'ஹவ் டு நேம் இட்' இசைதான். வேறு எதற்கோ எழுதிய வயலின், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கவலைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. மருமகன் இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் படத்தை டி.வி.யில் பார்த்து அவர் அழுதிருக்கிறார்.

ஆனால் 'கொண்டாடப்படாதது' என்றால் சினிமாவுக்கு வெளியே மட்டும்தானா? 1985-ல் வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' ரஜினிக்கு நூறாவது படம். ராஜாவின் பத்துப் பாட்டு சொல்லுங்கள் என்றால் 'உனக்கும் எனக்கும்' யார் வாயிலும் வராது. அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவான பிளாக் ஐடு பீஸ் அந்தப் பாட்டின் துண்டை எடுத்து 2003-ல் 'எலிஃபங்க்' ஆல்பத்தில் ஒரு பாட்டாகவே போட்டது. லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ., 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து ஒரு துண்டை 2007-ல் எடுத்துக்கொண்டார். 'காட்டுக்குயிலு' நம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, அதில் அதிசயம் இல்லை. நாம் மூலையில் போட்ட பாட்டை அமெரிக்காவில் ஒருவர் தூசி தட்டி எடுத்ததுதான் உறுத்துகிறது. ஹிப்-ஹாப்காரர்கள் ஹிட்டா, ஃபிளாப்பா என்று பார்ப்பதில்லை. எந்த நாலு விநாடியில் தாளம் பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள்.

2000-க்குப் பிறகு வந்தவை என்றால் மாமாவுக்கு இளக்காரம். "அதுக்கப்புறம் சொல்லிக்கிற மாதிரி என்ன இருக்கு?" என்பார். இங்கே மருமகன் சொல்வதில்தான் நியாயம் அதிகம். 'ஹே ராம்' படத்துக்கு முதலில் இசையமைப்பதாக இருந்தவர் எல்.சுப்பிரமணியம். பாட்டுக் காட்சிகளைப் படமாக்கிய பிறகு ராஜா வந்தார். நடிகர்களின் உதட்டசைவுக்கும் அசைவுக்கும் பொருந்துகிறபடி புதிதாக மெட்டமைத்தார். தைத்த சட்டைக்குத் தகுந்தபடி ஆளைச் செய்கிற வேலை அது. 2013-ல் மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்'. அதில் பாட்டே கிடையாது, பின்னணி இசைதான் பேசும். 'நீதானே என் பொன்வசந்தம்' மட்டும் இருவருக்கும் இழுபறி. எட்டுப் பாட்டில் எத்தனை தேறும் என்று இன்னும் முடிவாகவில்லை.

2005-ல் வந்த 'திருவாசகம்' ஆல்பத்தை மாமா ஒரு மார்கழியில் கோயில் குழாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். மாணிக்கவாசகர் பாட்டு, புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ரா, நடுவே அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள். ஆங்கிலம் வந்ததும் பூசாரி வெளியே எட்டிப் பார்த்தாராம். மறுநாள் பழைய கேசட்டே ஓடியது. 'ஆல்பத்தில் குறையா, குழாயில் குறையா?' என்று கேட்டால், குழாயில்தான். அவ்வளவு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவைக் கூம்புக் குழாய் தாங்காது.

சிம்பொனி விஷயம் வேறு. 1993-ல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு பதிவு செய்தது வெளிவரவே இல்லை. கேட்காத ஒன்றைப் பற்றி ஊரே முப்பது வருஷம் பெருமைப்பட்டதும் நடந்தது. 2025 மார்ச் 8-ம் தேதி 'வேலியன்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது அவருக்கு வயது 81. மாமாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தப் படம் மூன்று நாள் இருந்தது. இசையை முழுதாகக் கேட்டாரா என்பதை மருமகனும் விட்டுவிட்டான்.

2017-ல் எஸ்.பி.பி.க்கு அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் இருவரும் குரலை உயர்த்துவார்கள். உழைத்தவருக்கு உரிமை உண்டு என்பது மருமகன் வாதம். கூடவே வளர்ந்த நண்பரிடம் கணக்குப் பார்ப்பதா என்பது மாமாவின் வருத்தம். சட்டப்படி மருமகன் பக்கம் கனம்தான். ஆனால் மாமா சட்டமே பேசவில்லையே!

இப்படி ஒரு ராத்திரி பேச்சு நீண்டபோது மாமா புதிதாக ஒன்றை எடுத்தார். "ரொம்பக் கம்மியாப் பேசுறது எதைன்னு தெரியுமா மாப்ள? அவுக அண்ணனை."

பாவலர் வரதராசன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். சிறுவன் ராசையா ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போனது அவர் பின்னால்தான். 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் நடுவே பாவலர் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். 'அன்னக்கிளி' வந்ததைப் பார்க்கப் பாவலர் இல்லை.

மருமகன் போனைக் கையில் எடுத்தான். "அது எந்த ஆல்பம் மாமா?"

"ஆல்பமா? லயத்து வாசல்ல நின்னு பாடுனது மாப்ள. எங்க அப்பா கேட்டுட்டு வந்து ரெண்டு நாள் அதையே பாடிக்கிட்டுத் திரிஞ்சாராம்."