நாய் நடுங்குது... வெடிச் சத்தமா, சாக்லேட்டா?

மக்களே, தீபாவளி நெருங்குது. நாய் வளர்க்கிற எல்லாருக்கும், முக்கியமா நம்ம சிவகாசி வட்டாரத்துக்காரங்களுக்கு, இந்தப் பதிவு.

நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். ஆனாலும் தீபாவளி ராத்திரி வரும் போன்களில் ஒன்றிரண்டு நாயைப் பற்றியதாக இருக்கும். போன வருஷம் பேசியவர் எம். புதுப்பட்டி பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன். என்னிடம் வீசிங்குக்கு வருபவர்.

"சார், நாய் நடுங்கிட்டே இருக்கு. வெடிக்குப் பயந்துருச்சுங்கிறாங்க. ஆனா வெடி நின்னு ரெண்டு மணி நேரமாச்சு."

"வாந்தி எடுத்துச்சா?"

"ரெண்டு தடவை."

"வீட்டுல சாக்லேட் இருந்துச்சா?"

தேடிப் பார்த்தார். கட்டிலுக்கடியில் டார்க் சாக்லேட் கவர், காலியாக. அன்று ராத்திரியே கால்நடை மருத்துவரிடம் போனதால் நாய் பிழைத்தது.

சிக்கலே இங்கேதான். பயத்திலும் நாய் நடுங்கும், மூச்சு வாங்கும், நிலைகொள்ளாமல் அலையும். சாக்லேட் விஷத்திலும் அதேதான். ஆனால் பயம், சத்தம் ஓய்ந்தபின் மெல்ல அடங்கும். விஷம் அடங்காது. வாந்தி, பேதி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், படபடவென்ற இதயத் துடிப்பு சேர்ந்து வரும். முற்றினால் வலிப்பு.

காரணம், கொக்கோவில் இருக்கும் தியோப்ரோமின். ஆஸ்துமாவுக்கு நாங்கள் கொடுக்கும் தியோஃபிலினுக்கு இது பங்காளி. நம்ம உடம்பு இதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். நாய்க்குப் பாதி வெளியேறவே சுமார் 17 மணி நேரம் ஆகும். தின்ற உடனே ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்தும் ஆரம்பிக்கலாம்.

எவ்வளவு தின்றால் ஆபத்து? மருந்துக் கலவையோடு புழங்கும் நம்ம ஊருக்கு அளவின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமில் வாந்தி, படபடப்பு தொடங்கலாம். 40 முதல் 50-ல் இதயம் பாதிக்கலாம். 60-ல் வலிப்பு வரலாம்.

100 கிராம் மில்க் சாக்லேட்டில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். 25 கிலோ ராஜபாளையம் நாய் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 10 கிலோ நாட்டு நாய்க்கு அதுவே தொல்லை. டார்க் சாக்லேட் என்றால் அதே 100 கிராமில் 500-க்கு மேலும் இருக்கலாம். கொக்கோ பவுடர் இன்னும் மோசம். உலர் திராட்சை சேர்த்த சாக்லேட் என்றால் அளவே பார்க்காதீங்க, கிட்னி கெடலாம். உடனே கிளம்புங்க.

செய்ய வேண்டியது:

மிச்சத்தைப் பிடுங்கி வையுங்க. கவரைத் தூக்கிப் போடாதீங்க. எத்தனை கிராம், எத்தனை மணிக்குத் தின்றது என்று குறிச்சுக்கோங்க. எடை தெரியலையா? நாயைத் தூக்கிக்கிட்டு மெஷினில் ஏறுங்க, அப்புறம் உங்க எடையைக் கழிங்க. இதெல்லாம் கையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவருக்குப் போன் பண்ணுங்க. நடுக்கம் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போனால், ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தே பெரும்பகுதியை வெளியேற்றலாம்.

செய்யக் கூடாதது:

உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, புளித் தண்ணி எதுவும் ஊற்றாதீங்க. உப்பு அதிகமானால் அதுவே மூளையைப் பாதிக்கும். நடுங்கும் நாய்க்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். நம்ம வீட்டு மாத்திரையையும் கொடுக்காதீங்க. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்க்குத் தனி ஆபத்து.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. கரி மருந்து, டிரிப், வலிப்பை அடக்கும் ஊசி என்று உடம்பு விஷத்தை வெளியேற்றும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதனால் நேரம்தான் எல்லாம்.

கடைசியா ஒண்ணு. தீபாவளி ராத்திரி எந்தக் கால்நடை மருத்துவர் போன் எடுப்பார் என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரைச் சேமிச்சு வையுங்க. பரிசா வர்ற சாக்லேட் பெட்டியை நாய்க்கு எட்டாத பரண்ல வையுங்க. குழந்தைகளிடமும் சொல்லிடுங்க: பாசத்துல ஊட்டினாலும் அதுக்கு அது விஷம்தான்.