தலைக்கு ஒரு கூரை

எங்கள் வீட்டில் குளியல் இருவகைப்படும். ஒன்று, மேலுக்கு ஊற்றிக்கொள்வது. மற்றொன்று, தலைக்கு ஊற்றிக்கொள்வது. முன்னது அன்றாடக் கடமை. பின்னது செவ்வாய், வெள்ளிகளில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் உரியது; சனிக்கிழமைகளில் அப்பாவுக்கும் எனக்கும் உரியது. மற்ற நாள்களில் தலை நனையாமல் குளிப்பது எப்படி என்பதற்கு அம்மா ஒரு வழி கண்டிருந்தார்.

பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாய் இருந்த காலம் அது. அரியலூரை அடுத்த எங்கள் சிற்றூரில் எல்லாவற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். சோப்பைத் தேய்த்தால் எளிதில் நுரைக்காது. வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் படிவுகளும் இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. இங்குள்ள சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருளாகும் அதே கல்தான், நிலத்தடி நீரில் கரைந்து அதனைக் கடினநீராக்குகிறது.

அம்மாவின் கூந்தல் இடுப்பைத் தாண்டித் தொங்கும். மேலுக்கு ஒரு குடம் நீர் போதும். தலைக்கென்றால் மூன்று குடமாவது வேண்டும். கடினநீரில் அலசிய கூந்தல் நார்போல் விறைத்துக்கொள்ளும். உலரவோ வெகுநேரம் ஆகும். காலையிலேயே பள்ளிச் சத்துணவுக் கூடத்திற்கு ஓட வேண்டிய சமையலருக்கு அத்தனை நேரம் ஏது? எனவே, துணிக்கடையில் கொடுத்த நெகிழிப்பையைத் தலையில் கவிழ்த்து, நாடாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டு குளிப்பார். கடைகளில் விற்கும் குளியல் தொப்பியை நாங்கள் பார்த்திராத காலத்தில், அதுவே எங்கள் வீட்டுக் குளியல் தொப்பி.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள். சத்துணவுக்கு வரிசையில் அமர்ந்திருந்தோம். எனக்கு எதிரே இருந்த மாணவன் சாம்பார்ச் சோற்றிலிருந்து நீண்ட முடியொன்றை எடுத்து உயர்த்திக் காட்டினான். எல்லோருடைய கண்களும் சமையற்கூட வாயிலில் நின்ற அம்மாவின் பக்கம் திரும்பின. அம்மா விரைந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டு, வேறு தட்டில் சோறிட்டுக் கொடுத்தார். அவன் அதைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். நான் தலை நிமிராமல் உண்டு முடித்தேன்.

அன்றிரவு அம்மா பேசவில்லை. அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து வட்டமாக வெட்டினார். ஓரத்தை மடித்துத் தைத்து, உள்ளே எலாஸ்டிக் நாடாவைக் கோத்தார். நெகிழிப்பையின் வடிவம், துணியில் தொப்பியாயிற்று. மறுநாள் அதனை அணிந்துகொண்டு சமைத்தார். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் அவரைத் தெரியாதவன்போல் வேறு வரிசைக்கு மாறி அமர்ந்தேன்.

மாலையில், "அந்தத் தொப்பி வேண்டாம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றேன்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும் தம்பி. ஒரு புள்ள பசியோட எழுந்து போனானே, அதுதான் எனக்குத் தாங்கல" என்றார்.

மனிதர் ஒருவரின் தலையில் ஏறக்குறைய 1 இலட்சம் முடிகள் உள்ளன என்பதும், நாள்தோறும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு என்பதும் பின்னாளில் நான் படித்து அறிந்தவை. முடி உதிர்வது யாருடைய குற்றமும் அன்று. அது பிறர் உணவில் விழாமல் காப்பது நம் பொறுப்பு. உணவைக் கையாள்வோர் தலைமுடியை மூட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு குறித்த 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளிலும் இடம்பெற்றுள்ளது. சட்டம் சொல்வதற்கு முன்பே, ஒரு பிள்ளையின் பசி அதை அம்மாவுக்குச் சொல்லியிருந்தது.

அதன் பிறகே ஊரில் எத்தனை தலைகள் மூடப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனித்தேன். பருத்தி எடுக்கும் பெண்கள் வெயிலுக்குத் துண்டைக் கட்டியிருந்தனர். மூட்டை சுமப்போர் சும்மாடு வைத்திருந்தனர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தலைக்கவசம் அணிந்திருந்தனர். பெரம்பலூரில் செவிலியர் பயிற்சிக்குச் சென்ற அக்கா, அறுவை அரங்கில் அணியும் தொப்பியைப் பற்றிச் சொன்னாள். அங்கே அது நோயாளியின் புண்ணில் முடியும் பொடுகும் விழாமல் காக்கிறது.

விடுமுறைக்கு வந்த அக்கா, அம்மாவுக்கு உண்மையான குளியல் தொப்பி ஒன்றை வாங்கிவந்தாள். வீட்டில் அதற்கு வேலைகள் பெருகின. ஒட்டடை அடிக்கும்போது தூசியைத் தடுத்தது. மருதாணி அரைத்துத் தலையில் பூசிய நாள்களில், அது காய்ந்து உதிராமலும் உடையில் ஒழுகாமலும் காத்தது. அக்கா சில கட்டுப்பாடுகளும் விதித்தாள்: ஈரத்தலையில் அணியக்கூடாது, பயன்படுத்தியபின் உதறிக் காயவைக்க வேண்டும், ஒருவர் அணிந்ததை மற்றவர் அணிந்தால் பேன் தொற்றக்கூடும், தொப்பி இருக்கிறதென்று தலைக்குக் குளிப்பதை மறந்துவிடலாகாது.

அம்மா பணி ஓய்வு பெற்றுவிட்டார். கூந்தலும் நரைத்துக் குறைந்துவிட்டது. சென்ற பொங்கலுக்கு ஊருக்குச் சென்றிருந்தேன். அடுப்பில் பொங்கல் கொதித்துக்கொண்டிருக்க, கிளறுவதற்குக் கரண்டியை எடுத்தேன். "இரு தம்பி" என்று தடுத்த அம்மா, ஆணியில் தொங்கிய வெள்ளைத் துணித்தொப்பியை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டார். என் மகள் பார்த்துச் சிரித்தாள். நான் அதைக் கழற்றவில்லை.