அப்பாவுக்குக் கேட்காத சத்தம்

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு அப்பா காரோடு வந்திருந்தார். நாலுவழிச் சாலையில் ஏறி ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ‘கரகர’வென்று ஒரு சத்தம். அம்மியில் உப்புக்கல்லை வைத்து இழுத்த மாதிரி. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது, மிதித்தால் மறுபடியும்.

“என்ன சத்தம்ப்பா அது?”

“எந்தச் சத்தம்?”

“கரகரன்னு கேக்கல?”

“ஒண்ணும் கேக்கலியே. ராத்திரி பூரா ரயில்ல வந்த அலுப்பா இருக்கும்மா.”

அது பழைய சின்ன கார். மில்லில் இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கடம்பூரில் இருந்து மாதம் ஒருமுறை அம்மாவை திருநெல்வேலிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அதில்தான். அதனால் சத்தத்தை அப்படியே விட எனக்கு மனசில்லை.

‘உங்கள் காரில் இந்தச் சத்தம் வருகிறதா?’ என்று தலைப்பு வைத்து நானே கட்டுரை ஏற்றியிருக்கிறேன். அதில் எழுதியதை முதல்முறையாகச் செய்து பார்த்தேன். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ரேஸ் கொடுத்தேன். சத்தம் இல்லை. அப்படியென்றால் இன்ஜினும், சைலன்ஸர் மேலே தளர்ந்து ஆடும் தகடும் காரணமில்லை. ஆளில்லாத ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய், நியூட்ரலில் போட்டு உருளவிட்டேன். சத்தம் ஏறக்குறைய காணாமல் போனது. வீல் பேரிங் போயிருந்தால் சக்கரம் சுற்றும்வரை உறுமிக்கொண்டேதான் இருக்கும். கடைசியாக ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக மிதித்தேன். கரகரவோடு ‘டக் டக்’கும் சேர்ந்துகொண்டது. இழுவை கொடுக்கும்போது மட்டும் வருகிறது, திரும்பினால் கூடுகிறது. பக்கத்து சீட்டில் இருந்த அப்பா ஜன்னல் வழியே உளுந்துக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே அவருக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது அவர்தான் ஓட்டினார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. அப்பா ஒதுங்கவே இல்லை. லாரி எங்களை ஒட்டி உரசுவதுபோலக் கடந்து போனபிறகுதான் திடுக்கிட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தார். “ஹாரன் அடிக்காமலே வாரான் பாரு” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணாச்சி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இடதுபக்கச் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தார். ரிம்முக்கு உள்பக்கம் முழுக்க கிரீஸ் சிதறியிருந்தது. இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில், சக்கரம் திரும்பும்போதும் சுற்றுவதற்காக ஒரு ஜாயிண்ட் இருக்கிறது. சி.வி. ஜாயிண்ட் என்பார்கள். அதற்குள் ஆறு இரும்பு உருண்டைகள் கிரீஸில் மிதந்து ஓடும். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருந்தது.

“முள்ளு கிழிச்சுச்சோ, பழசாகி வெடிச்சுச்சோ. கிரீஸ் வெளிய, கரிசல் உள்ள. அப்புறம் அரைக்காம என்ன செய்யும்?” என்றார்.

எங்கள் மண்ணை அறிந்தவர்களுக்கு இது புரியும். வெயிலில் பிளந்து கிடக்கும் கரிசல், மழை பெய்தால் செருப்பையே கழற்றி வைத்துக்கொள்ளும். காய்ந்தால் மாவாகப் பறக்கும். மிச்சமிருந்த கிரீஸோடு குழைந்து, இரும்பை இரும்பு தின்ன நல்ல சாந்தாகியிருந்தது. இப்படியே ஓட்டினால் ஒருநாள் ஜாயிண்ட் உடைந்து, இன்ஜின் ஓடும், வண்டி நகராது. அம்மாவோடு நடுரோட்டில் அப்படி நின்றிருந்தால்?

அண்ணாச்சி ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டினார். அப்பாவும் குனிந்து அதன்மேல் கையை வைத்தார்.

“இதுவா? இது ஒரு மாசமா காலுக்குத் தெரியுதே. மிதிச்சா அடிப்பலகை அதிரும். ரோடு மோசம்னு நெனச்சேன்.”

“காலுக்குத் தெரிஞ்சுச்சா?”

“மில்லுல ஸ்பிண்டில் பேரிங் போனா கை வச்சுத்தானம்மா பாப்போம். அங்க இருக்க இரைச்சல்ல எதைக் கேக்க?”

31 வருடம் அவர் ரிங் ஃப்ரேம் பிரிவில் வேலை பார்த்தார். வீட்டில் டி.வி. சத்தம் கூடிக்கொண்டே போனதையும், நான் போனில் பேசினால் “அம்மாகிட்ட குடுக்கேன்” என்று உடனே நகர்ந்துவிடுவதையும் வயசு என்று நினைத்திருந்தோம். என்னோடு பேசப் பிடிக்கவில்லையோ என்றுகூட ஒரு காலத்தில் நினைத்து அழுதிருக்கிறேன்.

புது ஜாயிண்ட், பூட், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். பூட் கிழிந்த அன்றே பார்த்திருந்தால் சில நூறோடு போயிருக்கும் என்றார் அண்ணாச்சி. வண்டியை சர்வீஸுக்கு விடும்போது அந்த ரப்பரை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான் வேலை.

மறுவாரம் லீவை நீட்டித்து அப்பாவை திருநெல்வேலியில் காது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வரைபடத்தில் கோடு ஓரளவு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்தது. இரைச்சலில் வருடக்கணக்காக நின்றவர்களுக்கு முதலில் விழுவது அங்கேதான் என்றார் டாக்டர். உள்காதில் இருக்கும் மயிரிழைச் செல்கள் போனால் திரும்ப முளைக்காதாம். தடித்த குரல் கேட்கும், ‘ச’வும் ‘ஸ’வும் நழுவும், பெண்கள் பேசுவது புரியாது. இது தெரியாமல் போன விஷயமும் அல்ல. 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தொழிலால் வரும் நோய்களின் வரிசையில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் இருந்தது. அப்பாவுக்கு அதைச் சொன்னேன். “அப்பிடியா?” என்றதோடு சரி.

காது மெஷினுக்கு அளவு கொடுத்திருக்கிறோம். “மாட்டுனா கெழவன்னு சொல்லுவாங்க” என்று முதலில் முரண்டு பிடித்தார். கண்ணாடி போட்டிருப்பதை அம்மா ஞாபகப்படுத்தினாள்.

நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று அவரே ஸ்டேஷனுக்கு ஓட்டி வந்தார். நாலுவழிச் சாலையில் ஏறி நன்றாக மிதித்தார்.

“சத்தம் இருக்கா?” என்றார்.

“இல்லப்பா.”

“காலுக்கும் இல்ல” என்றார்.

மெஷின் வரும்வரை அம்மா முன்சீட்டில்தான் உட்காருகிறாள். பின்னால் ஹாரன் கேட்டால் அவர் தோளில் இரண்டு தட்டு. அன்றும் தட்டினாள். அப்பா ஒதுங்கினார், பஸ் போனது.