ஹார்டி எழுதிய பதில்

முனைவர் பட்ட மாணவர்களின் இயல்களைத் திருத்த உட்காரும்போதெல்லாம், 1913 பிப்ரவரி 8-ஆம் தேதி கேம்பிரிட்ஜிலிருந்து கணிதவியலாளர் ஹார்டி, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்கு எழுதிய பதில் ஞாபகத்துக்கு வரும். முன்பின் அறியாத ஒருவர் அனுப்பிய சூத்திரங்களை, ஏற்கெனவே அறியப்பட்டவை, புதியனவாயினும் விசித்திரம் என்ற அளவில் நிற்பவை, புதியனவும் முக்கியமுமானவை என்று மூவகையாகப் பகுத்து, மதிப்பிடுவதற்குச் சிலவற்றின் நிரூபணமாவது வேண்டுமென்று தாட்சண்யமின்றிக் கேட்ட கடிதம் அது. ஓரத்தில் சிவப்பு மையால் ‘தெளிவில்லை’ என்று கிறுக்கிவிட்டு, எந்த வாக்கியம், என்ன காரணம் என்று சொல்லாமல் விடுவதோ நம்மிடையே சகஜம்.

ராமானுஜனும் லேசுப்பட்டவரல்லர். அநுதாபமுள்ள நண்பர் ஒருவர் கிடைத்தாரென்று மகிழ்ந்து எழுதினாரே ஒழிய, கேட்ட நிரூபணங்களை உடனே அனுப்பிவிடவில்லை. பகா எண்களைப் பற்றிய அவருடைய முடிவுகள் சில பிழையென்று பிற்பாடு தெரிந்தபோதும், கண்டிப்பான நிரூபண முறைகளை வற்புறுத்தினால் அவருடைய கற்பனை ஊற்றே வற்றிவிடுமோ என்று ஹார்டி அஞ்சினார். அஞ்சிக்கொண்டே, கேம்பிரிட்ஜுக்கு வந்துசேர்ந்த அவருக்குக் கற்பிக்கவும் செய்தார். 1916-இல் ராமானுஜனுக்கு ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் வந்தது. (முனைவர் பட்டம் அப்போது கேம்பிரிட்ஜில் கிடையாது.)

என் மாணவி ஒருவர், நான் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே ஏற்றது, ஏற்காதது, காரணம் என்று எழுதித் திருப்பித் தருகிறார். ஏற்காதவற்றைத்தான் நான் முதலில் படிப்பது.