சேற்றில் ஊன்றிய கால்கள்

நெய்தல் திணையை நடத்தும்போதெல்லாம் 'கண்டல்' என்னும் சொல்லில் சற்று நின்று கடக்க வேண்டியிருக்கிறது. அகராதி அதற்கு அலையாத்தி மரம் என்றும் தாழை என்றும் பொருள் தருகிறது. வகுப்பில் இரண்டையும் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவது வழக்கம். கொல்லிமலைப் பிள்ளைகளுக்குக் குறிஞ்சியை விளக்குவதில் எந்தச் சிரமமும் இல்லை. இதணம் என்றால் பரண் என்று ஒரு சொல் சொன்னால் போதும். காட்டுப்பன்றிக்கும் கிளிக்கும் காவலாகத் தாத்தன் கொல்லையில் நட்ட நான்கு கால்களும் மேலே பரப்பிய மூங்கிலும் அவர்கள் கண்முன் வந்துவிடும். கடல்தான் தொலைவு. சோளக்காட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினாலும் வருவது சமவெளிதான். கடலுக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

கண்டலின் நடுவே பரண்மீது ஓர் ஊரே நிற்பதை நான் கண்டது தமிழகத்தில் அன்று, மலேசியாவில். ஒரு கருத்தரங்கிற்காகக் கோலாலம்பூர் சென்றிருந்தபோது, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரான நண்பர் ஒருவர், "ஐயா, கோபுரமெல்லாம் எல்லாரும் பாக்கறதுதான். நீங்க நண்டுத்தீவைப் பாருங்க" என்று அழைத்துப் போனார். புலாவ் என்றால் மலாய் மொழியில் தீவு, கெத்தாம் என்றால் நண்டு. போர்ட் கிள்ளான் வரை ரயில். நிலையத்துக்கு அருகிலேயே படகுத்துறை. அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் புலாவ் கெத்தாம் வந்துவிடுகிறது.

தீவு என்றதும் நாம் நினைக்கும் மணலும் மேடும் அங்கே இல்லை. கண்ணுக்கெட்டியவரை அலையாத்திக் காடு. அதன் விளிம்பில் சேற்றுக்கு மேலே கால்கள். கால்களின்மேல் வீடுகள், கடைகள், பள்ளிக்கூடம், சீனக் கோயில்கள். தெருக்களும் கால்கள்மேல் நிற்பவையே. ஒரு காலத்தில் பலகை பாவிய அத்தெருக்களில் பெரும்பகுதி இன்று கான்கிரீட். கார் கிடையாது. மிதிவண்டிகளும் மின்சார மிதிவண்டிகளும் மணியடித்தபடி நம்மை ஓரம் கட்டச் சொல்கின்றன. கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்களில் ஓரம் என்பது எதுவரை என்ற ஐயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. ஊரார் ஒருவருக்கும் அது இருந்ததாகத் தெரியவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்சீனத்திலிருந்து வந்த மீனவர்கள் நண்டு பிடிக்க வந்து தங்கிய இடம் இது. இன்றைய குடிகளில் பெரும்பான்மையோர் தியோச்சியு, ஹொக்கியன் மொழிகள் பேசும் குடும்பத்தினர். உப்புநீரைத் தாங்கும் நிபோங் என்னும் முட்பனையையும் கண்டல் மரத்தையும் சேற்றில் அறைந்து வீடு எழுப்பினார்கள். குடிநீருக்கு மழையே கதி. கூரையிலிருந்து வடியும் நீரைத் தொட்டிகளில் பிடித்து வைத்தார்கள்.

நம் கரையில் ஏன் இப்படி ஓர் ஊர் இல்லை என்ற கேள்வி படகிலேயே எழுந்துவிட்டது. விடை கடலின் குணத்தில் இருக்கிறது. சோழமண்டலக் கரை திறந்த கரை. அலை நேராக வந்து மணலில் மோதி உடைகிறது. போதாக்குறைக்கு வங்கக் கடலின் புயல்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். அங்கே கம்பம் நட்டு வீடு கட்டினால் ஒரு பருவம்கூட நிற்காது. கிள்ளானுக்கு எதிரே சுமத்ரா என்னும் பெருந்தீவு அரணாகக் கிடக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் புயல்கள் அங்கு உருவாவது மிக அரிது. மலாக்கா நீரிணையில் பேரலை இல்லை. ஆனால் ஓதம் உண்டு. சென்னைக் கரையில் நீர் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ 1 மீட்டர்தான். கிள்ளானில் அது 4 மீட்டரையும் தாண்டும். அடிக்காமல் ஏறி இறங்கும் கடலுக்கு ஏற்ற வீடு, கால் உயர்ந்த வீடு.

நாங்கள் போனது நீர் வற்றிய நேரம். ஊரின் அடிப்பகுதி முழுதும் வெளியே தெரிந்தது. சேற்றில் நண்டு வளைகள். தத்தித் திரியும் சேற்றுமீன்கள். கண்டலின் வேர்கள் ஆயிரம் கைகளாகச் சேற்றைப் பற்றியிருந்தன. அவற்றுக்கிடையே பிளாஸ்டிக் பைகள், புட்டிகள், ஒற்றைச் செருப்புகள். சுற்றுலாப் படங்கள் ஓதம் ஏறிய பொழுதில்தான் எடுக்கப்படுகின்றன போலும். வீட்டின் கழிவு நேரே கீழே விழும் வழக்கம் இந்த ஊரின் பழைய வழக்கம். நீர் இருந்தால் அது கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கை நம் ஆறுகளின் கரையில் இருப்பவர்களுக்கும் இல்லாததல்ல.

ஒரு கடையில் கருவாடு பார்த்துக்கொண்டிருந்தபோது அதை நடத்தும் மூதாட்டி நண்பரிடம் மலாயில் பேச்சுக் கொடுத்தார். நான் மலையூர்க்காரன் என்பதை அறிந்ததும், "அங்கே வீட்டுக்குக் கீழே என்ன இருக்கும்?" என்று கேட்டாராம். பாறை என்று சொல்லச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். கணவர் இருந்தவரை வீட்டுக் கால்களை அவரே தட்டிப் பார்த்து, உளுத்ததை மாற்றுவார். இப்போது ஆள் வைத்துக் கான்கிரீட் கால் போட்டாயிற்று. கால் உறுதியாகிவிட்டது, வீட்டில்தான் ஆளில்லை என்றார். இரண்டு மகன்களும் கிள்ளானில். சீனப் புத்தாண்டுக்கு வருவார்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும் ரிக் வண்டிக்கும் போய்விட்டு நோன்பிக்கு மலையேறும் எங்கள் ஊர்ப் பையன்கள் என் நினைவுக்கு வந்தார்கள். தினையும் சாமையும் இருந்த சரிவுகளில் ஆலைக்குப் போகும் மரவள்ளி ஏறியபின் பரணும் குறைந்துவிட்டது.

திரும்பும் படகில் நண்பர் அதிகம் பேசவில்லை. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியத் தொடங்கியபோது, "எங்க தாத்தா இங்கதான் இறங்குனாரு" என்றார். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901இல் திறக்கப்பட்ட துறைமுகம் அது. 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா கண்டு மூடும் நிலைக்கு வந்து, சதுப்பை வடித்து மீட்கப்பட்ட வரலாறு அதற்கு உண்டு. நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கிலோ இங்கோ இறங்கி, ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். உதவி பெற்றுச் செல்லும் கூலிக் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்யும்வரை அது நடந்தது.

ஒரே கடலோரம். சீன மீனவன் எவரும் விரும்பாத சேற்றில் தானே கால் நட்டான். தமிழன் பிறர் காட்டை அழித்துப் பிறர் மரத்தில் பால் வெட்டினான். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரை கூரை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் வெளியேறும்போது கையில் ஒரு பிடி மண்ணுக்கும் உரிமை இல்லை. இதை இன ஒப்பீடாகச் சொல்லவில்லை. மீனவர்கள் தம் விருப்பப்படி வந்தார்கள்; நம்மவர்களைக் கங்காணி கூட்டி வந்தான், வேறு வாசல் அவர்களுக்குத் திறக்கவில்லை. கால் ஊன்றுதல் என்று தமிழில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஊன்றுவதற்குச் சேறாவது தனதாக வேண்டியிருக்கிறது.

கரையேறியதும் நண்பர் தாம் பிறந்த தோட்டத்தைக் காட்ட வண்டியை ஓட்டினார். வரிசையாக மாடி வீடுகள், இரும்புக் கதவுகள், நிழலுக்கு வைத்த அயல்நாட்டு மரங்கள். ஒரு முச்சந்தியில் நிறுத்தி, "இங்கதான் எங்க லயம், ஆறாவது கதவு" என்றார். எதிர்வீட்டுக் காவலாளி எங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டான். யாரையுமில்லை என்று சொல்லி நண்பர் வண்டியைக் கிளப்பினார்.