மேளத்துக்குக் கணினி வழிவிடட்டும்

கியூபாவின் பத்தா மேளங்கள் மூன்று. பெரியதான 'இயா' பேசும், மற்ற இரண்டும் பதில் சொல்லும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட யொருபா மக்கள் நெஞ்சில் சுமந்துபோன வழிபாட்டு இசை அது.

2016 மே மாதம் சாந்தியாகோ தெ கியூபா நகரில் 'மனானா' விழா நடந்தது. நாட்டார் கலைஞர்களும் மின்னணு இசைக்காரர்களும் சேர்ந்து வாசித்தார்கள். அதே ஆண்டு, மேளமும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த கியூப ரும்பாவை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மேளமும் மின்னணு இசையும் சேர்வது சுலபமில்லை. ரும்பாவின் அடிகள் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஊசலாடும். கணினியோ ஒவ்வோர் அடியையும் சமமாக வெட்டிய கட்டத்துக்குள் வைக்கப் பார்க்கும். மேளத்தை அதில் அடைத்தால் உயிர் போய்விடும்.

மேள வாசிப்பில் ஒரு துண்டைப் பதிவுசெய்து எடுத்துப்போய் வெட்டி ஒட்டுவது எளிது. மேளக்காரரோடு உட்கார்ந்து, அவர் கையின் போக்குக்குக் கணினியை இணங்கவைப்பதுதான் பரிமாற்றம். ஆல்பத்தில் அவர் பெயரும் வருமானத்தில் அவர் பங்கும் இருந்தே ஆக வேண்டும்.

இப்படிச் சேர்ந்த இசையை முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு, இபேயி இரட்டைச் சகோதரிகளின் 2015 ஆல்பத்தைச் சொல்வேன். கியூபாவின் தாள மேதை அங்கா தியாஸின் மகள்கள் அவர்கள். யொருபாப் பாட்டும் மின்னணு ஒலியும் அதில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவசியம் கேளுங்கள்.